ஆல்பேட்டையில் அவிழ்த்த மூட்டை: ஒரு 150 சிசி வண்டி, இரண்டு பேர், ஒரு கூடாரம்

புதுச்சேரியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஒரு ஜனவரி மாதம், பொங்கல் முடிந்த வாரத்தில், இரண்டு வண்டிகளில் மூன்று பேர் போனோம். யாருக்கும் அடிபடவில்லை, வண்டியும் விழவில்லை. ஆனால் விழுவதற்கு ரொம்பத் தூரம் இல்லை என்கிற நிலைக்கு ஒரு வண்டி வந்தது, அதுவும் நேரான, நல்ல சாலையில். அதற்குக் காரணம் சாமான் ஏற்றிய விதம். என்ன நடந்தது, எதைப் பார்த்தோம், எதை ஏன் மாற்றினோம் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். மற்ற இருவரின் பெயரும் வேண்டாம் என்பதால் 'மாமா', 'மச்சான்' என்றே குறிப்பிடுகிறேன். ஒருவர் அக்கா கணவர், இன்னொருவன் அந்த அக்காவின் தம்பி. அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வதும் அப்படித்தான்.

யார், எந்த வண்டி, எந்த வழி

மாமாவிடம் இருந்தது சாதாரண 150 சிசி வண்டி. தினமும் ரெட்டியார்பாளையத்திலிருந்து சேதராப்பட்டுக்கு வேலைக்குப் போய்வரும் வண்டி, பின்னால் ஒரு சிறிய இரும்புக் கேரியர் மட்டும் மாட்டியிருந்தார். மச்சான் அவர் பின்னால் உட்கார்ந்து வருவதாகத் திட்டம். நான் என் கனமான வண்டியில் தனியாக, இரு பக்கமும் துணிப்பைகள் தொங்கவிட்டு வந்தேன்.

கள்ளக்குறிச்சிக்கு விழுப்புரம் வழியாகப் போவதுதான் நேர்வழி. ஆனால் விருத்தாசலத்தில் அவர்களுடைய அத்தை வீட்டில் மதியச் சாப்பாடு என்று முடிவாகியிருந்ததால் கடலூர், குறிஞ்சிப்பாடி, வடலூர், மந்தாரக்குப்பம் என்று போய், அங்கிருந்து கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலை ஏறுவது என்று வைத்துக்கொண்டோம். தங்குவதற்குத் தெரிந்த ஒருவரின் சொந்த நிலம், அவரிடம் முன்கூட்டியே கேட்டாகிவிட்டது. வனத்துறை இடத்தில் அனுமதி இல்லாமல் கூடாரம் போடுகிற யோசனையே எங்களுக்கு இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீக்குப் பிறகும் 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்று சொல்கிறவர்களோடு நான் போவதில்லை.

வீட்டில் கட்டியது

முந்தின நாள் இரவு மாமா பொறுமையாக உட்கார்ந்து கட்டினார். பார்க்க அழகாகவே இருந்தது. கேரியர் மேல் நான்கு பேர் படுக்கும் கூடாரம், அதன் மேல் துணிப்பை, அதன் மேல் ஸ்லீப்பிங் பேக் இரண்டும் பாயும். வலது பக்கம் மடக்கு நாற்காலி இரண்டு பையோடு தொங்கின. இடது பக்கம் சாரி கார்டில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன். பாத்திரம், குக்கர், அரிசி, வெங்காயம், முட்டை எல்லாம் ஒரு பெரிய பையில். பெட்ரோல் டாங்க் மேல் ஒரு சின்னப் பையில் டூல்ஸ், சார்ஜர், மருந்து. கட்டியது முழுக்கக் கொக்கி போட்ட ரப்பர் கயிறு, அதற்கு மேல் ஒரு வலை. ரப்பர் கயிறுகளையும் ஒரு நீலத் தார்ப்பாயையும் முந்தின ஞாயிறு காந்தி வீதிச் சந்தையில் பேரம் பேசி வாங்கியிருந்தார், அதில் அவருக்குப் பெருமை வேறு.

ஒரு நல்ல வேலையும் செய்திருந்தார். ஸ்லீப்பிங் பேக்கைக் கழுவிக் காயவைத்த யூரியா சாக்கின் உள்ளே பிளாஸ்டிக் உறை போட்டுச் சுருட்டியிருந்தார். கடைகளில் விற்கும் தண்ணீர் புகாத பைகளுக்கு இது ஒன்றும் குறைந்ததில்லை.

எடை பார்க்கவில்லை. 'இதெல்லாம் என்ன பெரிய எடை, லேசான சாமான்தானே' என்பதுதான் எல்லார் வீட்டிலும் நடப்பது.

சோதனைச்சாவடி

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். பெட்ரோலைப் புதுச்சேரியிலேயே முழு டாங்க் நிரப்பிக்கொண்டோம், விலை குறைவு என்பதால் இங்கே எல்லாரும் செய்வதுதான். அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம், முள்ளோடை தாண்டி, தமிழ்நாட்டு எல்லைச் சாவடி இருக்கும் ஆல்பேட்டை.

புதுச்சேரி பதிவு எண், பின்னால் மலைபோல் மூட்டை, இரண்டு இளவட்டங்கள். நிறுத்தாமல் விட்டால்தான் ஆச்சரியம். மதுபாட்டில் கடத்தலைத் தடுக்கத்தான் அந்தச் சாவடியே இருக்கிறது, அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள், மரியாதையாகவும் பேசினார்கள். "தம்பி, எல்லாத்தையும் இறக்கிக் காட்டிட்டுப் போங்க" என்றார் ஒருவர்.

பிரச்சினை என்னவென்றால், அந்த மூட்டையில் எந்த ஒரு பையையும் தனியாகத் திறக்க வழியில்லை. அடிப்பையைக் காட்ட வேண்டுமென்றால் மேலே இருப்பதெல்லாம் இறங்க வேண்டும். வலை, ரப்பர் கயிறு, தார்ப்பாய், யூரியா சாக்கு எல்லாம் சாலையோர மண்ணில் பரவிக் கிடந்தன. என் பக்கப் பைகளுக்கு மேல்மூடி மட்டும்தான், இரண்டு பக்கிளைத் தட்டிவிட்டுக் காட்டினேன், முடிந்தது.

திரும்பக் கட்டியபோது அவசரம். பின்னால் வண்டிகள் வரிசையில் நின்றன, வெயில் ஏற ஆரம்பித்திருந்தது, மச்சான் ஒரு பக்கம் பிடிக்க மாமா மறுபக்கம் இழுத்தார். வீட்டில் ஒரு மணி நேரம் பிடித்த வேலை இங்கே பத்து நிமிடத்தில் முடிந்தது. தண்ணீர் கேன் இடது பக்கத்திலிருந்து மூட்டையின் உச்சிக்குப் போய்விட்டது, அங்கே வைப்பது சுலபமாக இருந்ததால். மிச்சமான ரப்பர் கயிறு ஒன்றின் நுனியை எங்கும் செருகவில்லை. கூடார முளைகள் இருந்த சின்னப் பை மண்ணிலேயே தங்கிவிட்டது, அது எங்களுக்கு அன்று இரவுதான் தெரிந்தது.

வடலூர் தாண்டி

கடலூரிலிருந்து வடலூர் வரை ஊர்களும் வேகத்தடைகளும் நிறைய என்பதால் வேகம் நாற்பது ஐம்பதைத் தாண்டவில்லை, ஒன்றும் தெரியவில்லை. வடலூரில் டீ குடித்தோம். வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிற ஊரில் நின்றுகொண்டு, நாங்கள் கொண்டுவந்த சின்ன கேஸ் அடுப்பு இரண்டு வேளைக்குத் தாங்குமா என்று அவர்கள் இருவரும் வாதம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த டீ நேரத்தில் கயிறை ஒருமுறை இழுத்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும் என்று மாமா பிறகு சொன்னார்.

வடலூர் தாண்டியதும் சாலை திறந்துகொண்டது. மாமா அறுபத்தைந்துக்குப் போனார். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன், அதனால் முழுதும் என் கண் முன்னால் நடந்தது. முதலில் மூட்டையின் உச்சி மட்டும் இடமும் வலமுமாக மெதுவாக அசைந்தது. எதிரே வந்த கரும்பு டிராக்டர் ஒன்று காற்றை அடித்துவிட்டுப் போனதும் அந்த அசைவு பெரிதாகி வண்டியின் வாலையே ஆட்ட ஆரம்பித்தது. ஓட்டுகிறவருக்கு ஹேண்டில் லேசாகிவிட்டது போலவும், வண்டி தானாகப் பாம்பு போல நெளிவது போலவும் இருந்ததாம். அந்த நேரம் மச்சான் திரும்பி ஒரு கையால் மூட்டையைப் பிடித்தான், அவன் உடம்பு திரும்பியதில் ஆட்டம் இன்னும் கூடியது.

மாமா ஒன்றைச் சரியாகச் செய்தார். பிரேக்கை அழுத்தவில்லை, ஹேண்டிலோடு மல்லுக்கட்டவும் இல்லை, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டார். ஐம்பதுக்குக் கீழே வந்ததும் ஆட்டம் நின்றது. "மாமா, பின் சக்கரம் பஞ்சரா?" என்று மச்சான் கத்தியது எனக்குக் கேட்டது. இல்லை, பஞ்சர் இல்லை. மந்தாரக்குப்பத்தில் ஒரு பஞ்சர் கடை நிழலில் நிறுத்தினோம்.

நிறுத்திப் பார்த்தபோது

செருகாமல் விட்ட ரப்பர் கயிறின் நுனியில் கறுப்பு கிரீஸ் கறை இருந்தது. அது இடது பக்கம் தொங்கி செயினைத் தொட்டிருக்கிறது. அந்த வண்டிக்குப் பாதி செயின் கவர்தான். கயிறு செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் போயிருந்தால் பின் சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். எனக்கு இன்றைக்கும் அந்த ஆட்டத்தைவிட இந்தக் கறைதான் பயம்.

வலது பக்கம் நாற்காலிப் பையின் மூலை சைலன்சரில் பட்டு உருகி ஓட்டையாகியிருந்தது. அதைவிட மோசம், அவசரத்தில் கேஸ் சிலிண்டர்கள் இருந்த சின்னப் பையை நாற்காலிப் பைக்கும் சைலன்சருக்கும் மேலே செருகியிருந்தார்கள். ஐம்பது டிகிரிக்கு மேல் சூடாக்காதே என்று அந்தச் சிலிண்டர் மேலேயே அச்சடித்திருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், கை பொறுக்கும் சூடுதான், ஆனால் நாள் முழுக்க அங்கேயே இருந்திருந்தால் எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது.

பின் டயரில் காற்று 26 இருந்தது. செயின் கவரில் ஒட்டிய ஸ்டிக்கரில் தனியாக ஓட்டினால் 28, பின்னால் ஆள் இருந்தால் 32 என்று போட்டிருக்கிறது. ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங் மிக மென்மையான முதல் படியில் இருந்தது, ஏனென்றால் தினமும் தனியாக வேலைக்குப் போகிற வண்டி. தார்ப்பாய் நழுவிப் பின் விளக்கையும் நம்பர் பிளேட்டையும் பாதி மறைத்திருந்தது.

பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் பழைய இரும்புக் கடை. கடைக்காரர் எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க விட்டார், அவருக்கும் வேடிக்கையாக இருந்தது. கூடாரம் 5.1 கிலோ. நாற்காலி இரண்டும் 5.4. தண்ணீர் கேன் 5.3. பாத்திரமும் குக்கரும் 3.4. மளிகை 3.6. ஸ்லீப்பிங் பேக் 3.2, துணி 2.9, பாய், அடுப்பு என்று எல்லாம் சேர்ந்து வால் பக்கம் மட்டும் 31 கிலோ. 'லேசான சாமான்' எடை இவ்வளவு.

மாமா 78 கிலோ, மச்சான் 64. ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ என்று இருவருக்கும் ஏழு கிலோ வையுங்கள். ஆள் மட்டுமே 149. அந்த வண்டி தாங்கும் சுமை என்று கையேட்டில் இருந்தது 150. அதாவது ஒரு டிபன் பாக்ஸ் வைக்க இடம் இருந்தது, அவ்வளவுதான்.

எடை கூடியது ஒரு பக்கம் இருக்கட்டும், அது எங்கே இருந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள தூரம் சுமார் 135 சென்டிமீட்டர். சீட்டில் ஆள் உட்கார்ந்திருப்பதால் மூட்டை பின் அச்சுக்கும் பின்னால், சுமார் 35 சென்டிமீட்டர் தள்ளி நின்றது. 31-ஐ 35-ஆல் பெருக்கி 135-ஆல் வகுத்தால் 8 வருகிறது. முன் சக்கரத்தின் மேலிருந்து எட்டு கிலோவை எடுத்துவிட்டு, பின் சக்கரத்தின் மேல் 39 கிலோவை வைத்த மாதிரி. ஹேண்டில் லேசானது பிரமை இல்லை. அதோடு தண்ணீர் கேன் உச்சியில், கட்டியிருப்பதோ இழுபடும் ரப்பர். மூட்டை ஒரு பக்கம் சாய்கிறது, ரப்பர் அதை இழுத்து மறுபக்கம் அனுப்புகிறது, வேகம் கூடக் கூட இந்த ஊஞ்சல் வண்டியின் ஆட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது.

என்ன முடிவெடுத்தோம்

மச்சானின் யோசனை, பாதிச் சாமானை என் வண்டியில் ஏற்றுவது. முதலில் அதுதான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் பதினைந்து கிலோவை எனக்குக் கொடுத்த பிறகும் மாமா வண்டி வரம்புக்கு மேலேதான் இருக்கும், மீதிச் சாமானும் அச்சுக்குப் பின்னாலேயேதான் நிற்கும். வண்டியிலேயே கனமான சாமான் மச்சான்தான் என்று மாமா சொன்னார், அவனுக்குக் கோபம். ஆனால் அதுதான் விடை. மச்சான் என் பின்னால் வருவது, அவன் உட்கார்ந்த இடத்தில் சாமான் உட்காருவது. சீட்டின் மேல் வைத்தால் மூட்டை இரண்டு அச்சுக்கும் நடுவில் வந்துவிடுகிறது, ஒரு சாண் கீழேயும் இறங்கிவிடுகிறது. என் வண்டியில் நான், அவன், என் பைகள் எல்லாம் சேர்த்து 156 கிலோ, அதன் வரம்பு 180.

தண்ணீரை அங்கேயே கொட்டினோம், மலையடிவாரத்தில் பிடித்துக்கொள்ளலாம். நாற்காலியையும் குக்கரையும் விருத்தாசலத்தில் விட்டுவிடுவது என்று முடிவு. மாமா வண்டியில் மிச்சம் 18.7 கிலோவும் டாங்க் பையும். பின் டயருக்கு 32 காற்று, ஷாக் ஸ்பிரிங்கை இரண்டு படி ஏற்றினோம், அதற்கான ஸ்பேனரைப் பஞ்சர் கடைக்காரரே கொடுத்தார்.

ரப்பர் கயிறு எல்லாவற்றையும் சுருட்டிப் பையில் போட்டோம். பஜாரில் லாரி சாமான் விற்கும் கடையில் பக்கிள் வைத்த நைலான் பட்டை நான்கு வாங்கி, இரண்டை முன்னும் பின்னுமாக, இரண்டைக் குறுக்கே போட்டோம். பின்னால் உட்காருபவர் பிடிக்கும் கம்பியிலும் சட்டத்திலும்தான் கட்டினோம், இண்டிகேட்டரிலோ நம்பர் பிளேட்டிலோ எதுவும் இல்லை. நுனிகளைச் சுருட்டி டேப் ஒட்டினோம். பிறகு மூட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். மூட்டை மட்டும் ஆடினால் கட்டு சரியில்லை, முழு வண்டியும் சேர்ந்து ஆடினால் சரி. மூன்றாவது முயற்சியில் வண்டி ஆடியது.

கேஸ் சிலிண்டர் என் இடது பையில், துணிக்கு நடுவில். சைலன்சர் எனக்கும் வலது பக்கம்தான்.

விருத்தாசலமும் மலையும்

கிளம்பிப் பதினைந்து கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி இறுக்கினோம். புதுப் பட்டை முதலில் கொஞ்சம் தளரும், ஸ்லீப்பிங் பேக்கும் அமுங்கும், அதனால் ஒரு விரற்கடை இடம் வந்திருந்தது. அதற்குப் பிறகு வெள்ளிமலை வரை தளரவில்லை. அறுபதில் ஹேண்டில் பழையபடி இருக்கிறது என்றார் மாமா. கள்ளக்குறிச்சிச் சாலையில் கரும்பு டிராக்டர்கள் இன்னும் அதிகம், அசைவு எதுவும் இல்லை.

அத்தை வீட்டில் நாற்காலிகளை இறக்கியபோது, "ஒரு ராத்திரி தூங்கறதுக்கு ரெண்டு நாற்காலியாடா?" என்று கேட்டார். பதில் சொல்ல யாரும் தயாராக இல்லை. சாப்பாடு அருமை.

எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விட்டதால் மலையேறும்போதே இருட்ட ஆரம்பித்தது. அப்போது இன்னொன்று தெரிந்தது. ஆள் ஏறியதில் என் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் வெளிச்சம் சாலையை விட்டு மரக்கிளைகளுக்குப் போய்விட்டது. எதிரே வந்தவர்கள் திட்டிக்கொண்டே போனார்கள். ஓரமாக நிறுத்தி ஹெட்லைட்டைக் கீழே இறக்கிய பிறகுதான் வளைவுகள் ஒழுங்காகத் தெரிந்தன.

கூடாரம் விரித்தபோது முளைப் பை இல்லை. நிலத்துக்காரர் சிரித்துவிட்டு ஆடு கட்டும் முளைக்குச்சிகளில் எட்டைக் கொண்டுவந்து அவரே அடித்துக் கொடுத்தார். எங்கள் அலுமினிய முளைகளைவிட அவை நன்றாகவே பிடித்தன. இரவு பனி கொட்டியதில் தார்ப்பாயெல்லாம் நனைந்து சொட்டியது, யூரியா சாக்கில் இருந்த ஸ்லீப்பிங் பேக் மட்டும் மொறுமொறுப்பாக இருந்தது. மறுநாள் இறக்கத்தில் இரண்டு வண்டியும் இரண்டாவது கியரில், பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து, மெதுவாக இறங்கினோம். திரும்பும் வழியில் சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு மாற்றியவை

முதல் மாற்றம் கட்டும் முறையில் இல்லை, திறக்கும் முறையில். புதுச்சேரியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் எங்காவது பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், அதை எதிர்பார்த்தே கட்ட வேண்டும். வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் கட்டினால்தான் நிற்கும் என்றால் அந்தக் கட்டு பயணத்துக்கு ஆகாது, சாவடியில் வெயிலில் ஐந்து நிமிடத்தில் அதே கட்டைத் திரும்பப் போட முடிய வேண்டும். இப்போது மாமா இரண்டு பைகள் மட்டும் வைத்திருக்கிறார், இரண்டும் மேலே திறப்பவை. அடுத்து ஆல்பேட்டையில் நிறுத்தியபோது பட்டையைத் தொடாமலே ஜிப்பைத் திறந்து காட்டிவிட்டுப் போனார். எந்தப் பொருளையும் தரையில் வைப்பதில்லை, சீட்டின் மேல் மட்டும்.

நான்கு பேர் கூடாரம் போய் இரண்டு பேர் கூடாரம் வந்தது, அதில் மட்டும் இரண்டரை கிலோ குறைந்தது. கிளம்பும் முன் தராசு. அத்துடன், சாமான் ஏற்றி ஆள் உட்கார்ந்த நிலையில் செயின் தளர்வைப் பார்க்கிறோம், ஏனென்றால் பின்பக்கம் அமுங்கும்போது செயினின் இறுக்கம் மாறிவிடுகிறது.

சைலன்சர் பக்கம் பை தொங்கவிடும் பிரச்சினை இன்னும் முழுதாகத் தீரவில்லை. இடது பக்கம் சாரி கார்டு இருப்பதால் பை சக்கரத்துக்குள் போகாமல் அது தடுத்துக்கொள்கிறது. வலது பக்கம் அப்படி ஒன்றும் இல்லை. மாமா வில்லியனூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் கம்பி வளைத்து ஒரு சட்டம் செய்து வாங்கினார், சைலன்சரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கிறது. ஆனால் மேடு பள்ளத்தில் பின்பக்கம் அமுங்கும்போது அந்த நான்கு விரல் இரண்டாகிறது. இப்போதைக்கு அந்தப் பக்கம் தகரம் ஒன்று அடித்து, எரியக்கூடியது எதையும் வைக்காமல், ரெயின்கோட்டும் டூல்ஸும் மட்டும் போடுகிறார்.

இரண்டு பேரும் கூடாரமும் அந்த 150 சிசி வண்டியில் என்பதை விட்டுவிட்டோம். தனி வண்டி கிடைக்காத முறை மச்சான் விழுப்புரத்தில் மாறி கள்ளக்குறிச்சி வரை பஸ்ஸில் வந்துவிடுகிறான், அங்கிருந்து மலைக்கு மட்டும் என் பின்னால்.